ஒரு பாட்டும் ஒரு படமும்: கொடைக்கானலிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரண்டு சாட்சியங்கள்

2015 ஜூலை 30 அன்று சென்னை ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் மூன்று நிமிட வீடியோ ஒன்று யூடியூபில் வெளியானது. அதன் பெயர் ‘கொடைக்கானல் வோன்ட்’. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையின் தொழிலாளர்களுக்கு நியாயம் கேட்கும் பாட்டு அது. ஏழே மாதங்களில், 2016 மார்ச்சில், இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2017 பிப்ரவரி 26 அன்று, திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம் மதுரையில் வெளியானது. மனித மலத்தை மனிதர் கையால் அள்ளும் வேலை தமிழ்நாட்டில் இன்னும் நடக்கிறது என்பதற்கு ஊர் ஊராகச் சென்று திரட்டிய சாட்சியம் அந்தப் படம். ஐந்தே மாதங்களில் இயக்குநர் கைது செய்யப்பட்டார்.

இரண்டும் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை. இரண்டுமே உழைப்பவரின் உடலுக்கு நேர்ந்த கேட்டைப் பேசுகின்றன. இரண்டையும் திரையரங்குக்குக் காத்திருக்காமல் யூடியூபிலேயே மக்கள் பார்த்தார்கள். இரண்டும் வந்ததற்கு இடையே இரண்டு ஆண்டுகூட இல்லை. ஆனாலும் ஒன்றுக்குக் கிடைத்தது உடன்பாடு, மற்றொன்றுக்குக் கிடைத்தது வழக்கு. முதலாவது திறமையாக எடுக்கப்பட்டது, இரண்டாவது அப்படி இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. எந்த நோக்கத்துக்காகப் படம் எடுக்கிறோம், அந்த நோக்கத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியில்தான் விடை இருக்கிறது. சமூக நீதிக்காகவும் தொண்டு அமைப்புகளுக்காகவும் கேமரா எடுப்பவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்கள் இந்த இரண்டு படைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

படத்துக்கு முன்னால் நடந்தவை

கொடைக்கானல் ஆலையின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிவந்த தெர்மாமீட்டர் ஆலை 1983-ல் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பாண்ட்ஸ் நிறுவனம் கைமாறிய வழியில் அது யூனிலீவரிடம் வந்து சேர்ந்தது. பாம்பார் சோலைக் காட்டின் விளிம்பில், மழைநீர் மலையிறங்கி ஓடும் சரிவில், ஆண்டுக்கணக்கில் பாதரசம் கையாளப்பட்டது. 2001 மார்ச்சில் ஊரின் நடுவே, மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் அளவுக்குக் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

கழிவு போய்விட்டது. உடம்போடு மிஞ்சியவர்கள் தொழிலாளர்கள். சிறுநீரகக் கோளாறு, தோல் நோய், கருச்சிதைவு, அகால மரணம் என்று தங்களுக்கு நேர்ந்தவற்றை அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. 2006-ல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆக, சோஃபியா அஷ்ரஃப் பாடத் தொடங்கியபோது போராட்டத்துக்குப் பதினான்கு வயது, வழக்குக்கு ஒன்பது வயது. கழிவின் எடையிலிருந்து மண்ணிலுள்ள பாதரச அளவு வரைக்கும் எல்லாம் ஆவணமாகி இருந்தன. கோரிக்கை என்னவென்றும் தெளிவாக இருந்தது: தொழிலாளருக்கு இழப்பீடு, மண்ணுக்குச் சுத்திகரிப்பு.

‘கக்கூஸ்’ படத்தின் தொடக்கம் வேறு மாதிரி. 2015 அக்டோபரில் மதுரையில் செப்டிக் டேங்கில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். நியாயம் கேட்டுப் போராடியவர்களில் ஒருவர், இடதுசாரி இயக்கத்தில் இயங்கிவந்த திவ்யபாரதி. சட்டம் படித்தவர் என்பதால், சட்டம் என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும். கையால் மலம் அள்ளும் வேலையை 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் தடைசெய்திருந்தன. 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சட்டமும் தீர்ப்பும் இருக்கும்போதே சாவும் தொடர்ந்தது. இந்த வேலை எங்கள் பகுதியில் இல்லை என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்தால், அது காகிதத்தில் இல்லாமல் போய்விடும். அப்படி இல்லாமல் ஆக்கப்பட்டதை இருக்கிறது என்று காட்டுவதுதான் இந்தப் படத்தின் முதல் வேலையாக இருந்தது.

வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. கொடைக்கானலில் குற்றச்சாட்டு ஏற்கனவே நிறுவப்பட்டு, தீர்வுக்காகக் காத்திருந்தது. அங்கே வீடியோவின் வேலை, தீராமல் கிடந்த கணக்கை உலகின் முன் எடுத்து வைப்பது. மதுரையில் அந்தக் கணக்கே எழுதப்படவில்லை. அதை எழுதும் வேலை படத்தின் மேல் விழுந்தது.

யாரைப் பார்த்துப் பேசின

‘கொடைக்கானல் வோன்ட்’ ஒரே ஒரு நிறுவனத்தைப் பார்த்துப் பேசுகிறது. அந்த நிறுவனத்துக்குப் பெயர் உண்டு, தலைவர் உண்டு, லண்டனில் பங்குதாரர்கள் உண்டு, உலகமெங்கும் விற்கும் சோப்பும் ஷாம்பூவும் உண்டு. சுற்றுச்சூழலைக் காக்கும் நிறுவனம் என்ற நற்பெயரைச் சேர்க்க அது பல ஆண்டுகள் உழைத்திருந்தது. அந்த நற்பெயர்தான் அதன் வலிமை. அதைத் தட்டினால் வலிக்கும் என்பதைப் பிரச்சாரம் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். வெட்டிவேர் கலெக்டிவ் என்ற சென்னைக் குழுவும் பெங்களூருவைச் சேர்ந்த ஜட்கா என்ற பிரச்சார அமைப்பும் சேர்ந்து வீடியோவை வெளியிட்டன. இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். வீடியோவோடு ஒரு மனுவும் இணைக்கப்பட்டிருந்தது. பார்த்தவருக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதும் அதே பக்கத்தில் இருந்தது.

ராப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாட்டின் மெட்டில், ஆங்கிலத்தில் அமைந்தது அந்தப் பாட்டு. நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். சில நாட்களிலேயே பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. யூனிலீவரின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்லும் நிலை வந்தது. ஒரு மலையூரின் தொழிலாளர் வழக்கு, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள மனிதரின் மேசைக்கு நேரே போய்ச் சேர்ந்தது.

‘கக்கூஸ்’ யாரைப் பார்த்துப் பேசுகிறது? மாநகராட்சி ஆணையரையா? தூய்மைப் பணியாளரைத் தினக்கூலிக்கு எடுக்கும் காண்டிராக்டரையா? செப்டிக் டேங்க் நிரம்பியதும் ஆள் கூப்பிடும் வீட்டுக்காரரையா? மாவட்ட ஆட்சியரையா? இந்த வேலையை இன்ன சாதிக்கென்று ஒதுக்கிவைத்து நிம்மதியாக வாழும் சமூகத்தையா? இவர்கள் எல்லோரையும் பார்த்துத்தான் அது பேசுகிறது. அதனால் பதில் சொல்லக் கடமைப்பட்ட தனி ஒருவர் என்று யாரும் இல்லை. சாதி என்ற அமைப்புக்குத் தலைமைச் செயல் அதிகாரி கிடையாது. ட்விட்டரில் கேள்வி கேட்டுத் திணறவைக்க அங்கே ஓர் ஆள் இல்லை. படம் பார்ப்பவர் ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கழிப்பறையை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நீளத்தையும் மொழியையும் முடிவு செய்தது இந்த வேறுபாடுதான். சமூக ஊடகத்தில் மக்களுக்குப் பொறுமை இல்லை, ஆகவே எதுவும் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். தொண்டு அமைப்புகள் வீடியோ எடுக்கக் கொடுக்கும் குறிப்பிலும் அதுவே முதல் நிபந்தனையாக இருக்கிறது. இந்த இரண்டு படைப்புகளும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகின்றன. பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும் என்றால் மூன்று நிமிடம் போதும். பதில் சொல்ல வேண்டியது ஒரு சமூகமே என்றால் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம்கூட அதிகம் ஆகாது. மலக்குழிச் சாவை மூன்று நிமிடத்தில் சொன்னால் பார்ப்பவர் மனம் இளகும், கண் கலங்கும், அடுத்த வீடியோவுக்கு விரல் நகரும். ஓர் ஊரில் பார்த்ததையே அடுத்த ஊரிலும், அதற்கடுத்த ஊரிலும் பார்க்கும்போதுதான் இது எங்கோ நடந்த விபத்து அல்ல, நாள்தோறும் நடக்கும் ஏற்பாடு என்பது மனதில் பதியும். ‘கக்கூஸ்’ மாவட்டம் மாவட்டமாகப் போவது அதற்காகத்தான்.

யாருடைய குரல்

கொடைக்கானல் வீடியோவில் நாம் கேட்பது பாடகியின் குரல். தொழிலாளருக்காக அவர் பேசுகிறார். அந்தக் குரலில் துணிவு இருக்கிறது, வேகம் இருக்கிறது, இளைஞரைத் திரும்பிப் பார்க்கவைக்கும் துள்ளல் இருக்கிறது. ஆனால் பாதரச ஆவியை மூச்சில் இழுத்தவரின் சொந்தச் சொற்களுக்கு அங்கே இடம் குறைவு. தன் உடம்பைப் பற்றி, தன் பிள்ளையைப் பற்றி, தன்னோடு வேலை செய்து இறந்துபோன தோழரைப் பற்றி அவர் உட்கார்ந்து பேச மூன்று நிமிடப் பாட்டில் நேரம் இல்லை. பாட்டு என்ற வடிவத்தின் இயல்பான எல்லை அது.

அந்த எல்லையிலிருந்து ஒரு விளைவு பிறந்தது. உடன்பாடு வந்தபோது பல தலைப்புச் செய்திகள் அதை ஒரு ராப் பாட்டின் வெற்றியாக எழுதின. பதினைந்து ஆண்டுகள் ஊர்வலம் போனவர்கள், வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் பஸ் ஏறியவர்கள், தீர்வைக் காணாமலே இறந்தவர்கள் ஆகியோர் அந்தத் தலைப்பில் இல்லை. பாட்டை உருவாக்கியவர்களே அந்தப் பெருமையைத் தொழிலாளருக்கு உரியதாகவே பார்த்தார்கள். வெட்டிவேர் கலெக்டிவின் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் 2001 முதலே அந்தப் போராட்டத்தோடு இருந்தவர்கள். ஆனாலும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது பாட்டைத்தான். போராட்ட வீடியோ எடுப்பவர் ஒவ்வொருவரும் இந்த ஆபத்தை உணர வேண்டும். படம் நன்றாக அமைந்தால், போராட்டத்தையே அது மறைத்துவிடக்கூடும்.

‘கக்கூஸ்’ படத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே பேசுபவர்கள் தொழிலாளர்கள். கையுறை இல்லாமல், கால்களுக்கு எதுவும் இல்லாமல் மலம் அள்ளும் பெண்கள் வேலைக்கு நடுவிலேயே பேசுகிறார்கள். மலக்குழியில் கணவரைப் பறிகொடுத்தவர்கள் பேசுகிறார்கள். பெரும்பாலும் அருந்ததியர்களான அவர்கள் வேலையைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. சாதி, கூலி, காண்டிராக்டர் முறை, பிள்ளைகளின் படிப்பு, பக்கத்துத் தெரு தங்களை நடத்தும் விதம் என்று எல்லாவற்றையும் தங்கள் மொழியிலேயே சொல்கிறார்கள். மொழிபெயர்த்து மெருகேற்ற அங்கே யாரும் இல்லை. ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர் எம். பழனிகுமார். இன்று இந்தியா அறிந்த புகைப்படக் கலைஞர் அவர். உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கேமரா அந்த மக்களுக்கு வெளியே தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

மலம் அள்ளும் காட்சியைக் கண்ணெடுக்க முடியாத அளவுக்கு நெருக்கத்தில் காட்டுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. அந்த மனிதரின் கண்ணியத்தை அது குறைக்காதா என்று கேட்பவர்களை நான் அலட்சியம் செய்யவில்லை. உதவி கேட்கும் அமைப்புகளின் வீடியோக்களில் அழும் குழந்தையும் எலும்பு தெரியும் முதியவரும் மெல்லிய வயலின் இசையோடு வந்து போவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே அந்த மனிதருக்குப் பேச்சு கிடையாது. அவர் நன்கொடை கேட்பதற்கான ஒரு முகம் மட்டுமே. ‘கக்கூஸ்’ அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அருவருப்பூட்டும் காட்சி வந்ததும் அது நகர்ந்துவிடுவதில்லை. அந்தக் காட்சியில் இருந்தவரே தன் கோபத்தைச் சொல்லும்வரை அவரோடு நிற்கிறது. நாம் பார்க்கக் கூசும் ஒன்றை அவர் நாள்தோறும் கையால் தொடுகிறார். பார்க்கும் கூச்சத்திலிருந்து நம்மை விடுவித்திருந்தால் படம் நம் பக்கம் சாய்ந்திருக்கும். தொழிலாளரின் பக்கம் நின்றது என்று அதைச் சொல்லியிருக்க முடியாது.

யார் எதிர்வினை செய்தார்கள்

கொடைக்கானல் வீடியோவுக்கு நிறுவனத்தின் தலைவரே பதில் சொன்னார். பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. 2016 மார்ச்சில் கையெழுத்தானது. மனிதாபிமான அடிப்படையில் உதவுவதாக நிறுவனம் சொன்னது. தொகை வெளியிடப்படவில்லை. தொழிலாளர் தரப்பில் அது பெரிய ஆறுதல்.

‘கக்கூஸ்’ படத்துக்குப் போலீஸ்தான் வந்தது. பல இடங்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. 2017 ஜூலை 25 அன்று, 2009-ல் அவர் சட்டக் கல்லூரி மாணவியாக இருந்தபோது நடந்த ஒரு போராட்டம் தொடர்பான பழைய வழக்கில், திவ்யபாரதி கைது செய்யப்பட்டு ஜாமீனில் வந்தார். படம் தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துவதாகப் புதிய தமிழகம் கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போனில் மிரட்டல்களும் ஆபாச வசவுகளும் வந்து குவிந்தன. ஆகஸ்டில், பிரிவினரிடையே பகைமை வளர்ப்பதாகக் குற்றம்சாட்டி அவர்மேல் வழக்கு பதிவானது. சட்டம் தடைசெய்த வேலையை வாங்குபவர்களைக் காட்டிய படத்துக்காக, அந்தப் படத்தை எடுத்தவர் முன்ஜாமீன் தேடி நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

சாதியின் பெயரைச் சொல்வதா, விடுவதா என்ற கேள்வியை இந்த எதிர்ப்பு எழுப்பியது. இன்ன சாதியார் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்று திரையில் வரும்போது அந்தச் சாதியில் பிறந்த ஒருவருக்கு வலிக்கலாம். வேலையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போராடி வெளியேறியவருக்கு அந்த வலி இன்னும் கூடுதலாக இருக்கலாம். அதை மதிக்க வேண்டும். ஆனால் இந்த வேலையிலிருந்து சாதியைப் பிரித்துக் காட்டினால் அதன் காரணமே மறைந்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் போதாத பிரச்சினையாக, பட்ஜெட் பற்றாக்குறையாக, நிர்வாகக் குறைபாடாக அது சுருங்கிவிடும். பேசும் தொழிலாளியே தன் சாதியைக் காரணமாகச் சொல்லும்போது அந்தச் சொல்லை வெட்டி எறியும் உரிமை படத்தொகுப்பாளருக்குக் கிடையாது. இந்த விஷயத்தில் ‘கக்கூஸ்’ எடுத்த முடிவு சரியானது.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு பன்னாட்டு நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் படத்துக்கு நடுத்தர வர்க்கம் எளிதாகக் கைதட்டுகிறது. குற்றவாளி வெளியே இருக்கிறார், கேட்பவர் நல்லவராகவே இருந்துவிட முடிகிறது. தன் ஊரை, தன் தெருவை, தன் சாதியைக் கேள்வி கேட்கும் படத்துக்கு அந்தக் கைதட்டல் கிடைக்காது. படம் எடுப்பவருக்கு வரும் ஆபத்தும் அதற்கேற்பவே கூடுகிறது. தொண்டு அமைப்புகளும் நன்கொடையாளர்களும் முதல் வகைப் படத்துக்குப் பணம் தரத் தயாராக இருப்பதும், இரண்டாம் வகைப் படங்கள் நண்பர்களின் கைப்பணத்தில் எடுக்கப்படுவதும் இதனால்தான்.

எது மாறியது, எது மாறவில்லை

உடன்பாட்டோடு கொடைக்கானல் கதை முடியவில்லை. தொழிலாளருக்கு இழப்பீடு வந்தது. மண் அப்படியே இருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவுகோல் ஏற்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் தாயகமான பிரிட்டனில் இப்படி ஓர் இடத்துக்கு இந்த அளவை ஏற்பார்களா என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். 2018-ல் அதே குழு ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’ என்ற இன்னொரு வீடியோவை வெளியிட்டது. சோஃபியா அஷ்ரஃபோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் பாடினார். அதற்கு முதல் வீடியோ அளவுக்கு அலை எழவில்லை. துயருற்ற மனிதரைப் பற்றிப் பேசும்போது பதறிய பார்வையாளர்கள், மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்ற கேள்வியில் அந்த வேகத்தைக் காட்டவில்லை. பரபரப்பை நம்பி நடக்கும் போராட்டத்துக்கு இது ஒரு பாடம். முதல் அலை திரும்ப வராது. அது வரும்போதே எல்லாக் கோரிக்கைகளையும் அதன்மேல் ஏற்றிவிட வேண்டும்.

அந்தக் குழு கற்றுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகம் சிதைக்கப்படுவதைப் பற்றி அவர்கள் எடுத்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ தமிழில் வந்தது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சு வழக்கில் எழுத, டி.எம். கிருஷ்ணா கர்நாடக இசையில் பாடினார். அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் லண்டனில் இல்லை. இங்கேயே கோட்டையில் இருந்தார்கள், இங்கேயே சபாக்களில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பவர் மாறியதும் மொழியும் இசையும் மாறின. இதுதான் பிரச்சாரப் படத்தின் இலக்கணம்.

‘கக்கூஸ்’ என்ன மாற்றியது? எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடவில்லை. சாவு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் அதே மதுரையில், நேரு நகர் கழிவுநீர் நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குக் காரணம் பல ஆண்டு வழக்குகளும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போன்ற அமைப்புகளின் உழைப்பும். அதை ஒரு படத்தின் கணக்கில் எழுதினால் பொய்யாகும்.

ஆனால் வேறொன்று நடந்தது. இந்த வேலை எங்கள் ஊரில் இல்லை என்று கூசாமல் சொல்வது அதற்குப் பிறகு கடினமாயிற்று. கல்லூரிகளிலும் சங்க அலுவலகங்களிலும் நண்பர்கள் கூடும் அறைகளிலும் அந்தப் படம் ஓடியது. மலக்குழிச் சாவைப் பற்றித் தமிழில் எழுத வருபவர்கள் அந்தப் படத்தைத் தொடாமல் போவது அரிது. அதற்கு முன்னோடியாக 2003-லேயே மதுரையில் ஆர்.பி. அமுதன் ‘பீ’ என்ற ஆவணப்படத்தை எடுத்திருந்தார். ஒரு தெருவையும், அதைத் தினமும் கையால் துப்புரவு செய்யும் ஒரு பெண்ணையும் பற்றியது அது. அமுதன் காட்டிய தெருவிலிருந்து திவ்யபாரதி மாநிலம் முழுமைக்கும் போனார். ஒக்கிப் புயலில் மீனவரைக் கைவிட்ட அரசைப் பற்றி ‘ஒருத்தரும் வரல’ என்று அவர் அடுத்த படத்தை எடுத்தார். பழனிகுமார் தூய்மைப் பணியாளரின், மீன் தொழிலாளரின் வாழ்க்கையைப் படமெடுப்பதையே தன் வாழ்நாள் பணியாக ஆக்கிக்கொண்டார். ஒரு படம் அடுத்த படத்தை எடுக்கும் மனிதர்களை உருவாக்கியது. பார்வை எண்ணிக்கையில் இது தெரியாது. ஆனால் ஒரு சமூகத்தின் நினைவு சேர்வது இப்படித்தான்.

இரண்டையும் எடை போட்டால்

எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் இது. ‘கொடைக்கானல் வோன்ட்’ மிகச் சரியாகக் குறிவைத்த ஆயுதம். அது ஜெயித்தது, ஏனென்றால் தொழிலாளர்கள் பதினான்கு ஆண்டுகள் உழைத்து அந்த ஆயுதத்தைக் கூர்செய்து வைத்திருந்தார்கள். அந்தப் போராட்டம் இல்லாமல் அதே பாட்டு வந்திருந்தால் ஒரு வாரப் பேச்சாக இருந்து மறைந்திருக்கும். இந்த வீடியோவைப் பார்த்து, நாமும் ஒரு ராப் பாட்டு எடுத்தால் போதும் என்று நினைத்த அமைப்புகள் பலவும் தவறவிட்டது இந்த உண்மையைத்தான்.

‘கக்கூஸ்’ ஒரு சாட்சியம். அதை எடுத்தவர்கள் வெற்றியை எதிர்பார்த்து எடுக்கவில்லை. இல்லை என்று எழுதப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பதிவு செய்ய எடுத்தார்கள். நாளைக்கு ஒரு நீதிபதியோ ஒரு மாணவரோ ஓர் ஆய்வாளரோ இந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று தேடினால், அந்தத் தொழிலாளர்களின் சொந்தக் குரல் அவர்களுக்குக் கிடைக்கும். கொடைக்கானல் பாட்டு காலத்தை வென்றது என்று சொல்ல முடியாது. அது தன் காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தது. ‘கக்கூஸ்’ செய்யும் வேலை இன்னும் முடியவில்லை.

ஆகவே ஒரு போராட்டத்துக்காகவோ தொண்டு அமைப்புக்காகவோ கேமரா எடுக்கப் போகிறவர்கள், ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? படத்துக்குப் பின்னால் நின்று அந்தப் பதிலை வாங்கப் போகும் சங்கமோ வழக்கோ மக்களோ இருக்கிறார்களா? படத்தில் வருபவர் பேசுகிறாரா, இல்லை அவருக்காக நாம் பேசுகிறோமா? நீளம், மொழி, இசை, எங்கே வெளியிடுவது என்பதெல்லாம் இந்த விடைகளிலிருந்து தாமாகவே வரும்.

பணம் தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே உள்ள எதிரியைக் காட்டும் படத்துக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். நம்மையே கேள்வி கேட்கும் படத்துக்கும் கொடுங்கள். அந்தப் படத்தை எடுத்தவர்மேல் வழக்கு வந்தால் வக்கீல் செலவுக்கும் ஜாமீனுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பார்வையாளராகிய நாமும் ஒன்று செய்ய வேண்டும். பகிர்வதோடு நிறுத்தாமல், நம் தெருவில் செப்டிக் டேங்க் நிரம்பும்போது அதில் மனிதர் இறங்கவில்லை என்பதை நேரில் நின்று உறுதிசெய்ய வேண்டும். ‘கக்கூஸ்’ கேட்ட கேள்விக்கு நம்மால் இன்றே தரக்கூடிய பதில் அதுதான்.